படத்துக்காக நின்ற நேரம்

மேடைக்கு மேலே தொங்கும் எதையும் நான் நம்புவதில்லை. அது என் குணமல்ல, வேலை. ஜெர்மனியின் ரூர்ப் பகுதி அரங்குகளில் விளக்குகளையும் திரைகளையும் தாங்கி நிற்கும் கம்பிவடம், சங்கிலி, கொக்கி, மின்தூக்கி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இன்னும் ஓராண்டு தாங்கும் அல்லது தாங்காது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் பொறியாளர் நான். தலைக்கவசமும் இடுப்புப் பட்டியும் கட்டிக்கொண்டு கூரைக்கடியில் பாதி நாளைக் கழிப்பேன். கீழே ஒத்திகை நடந்துகொண்டிருக்கும். நான் பார்ப்பதில்லை.

அப்படிப் போகும் இடங்களில் ஒன்று, சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து சிரித்துவிட்டுப் போவதற்காகக் கட்டிய பழைய அரங்கு. சுரங்கங்கள் மூடிவிட்டன, அரங்கு மூடவில்லை. சிவப்பு வெல்வெட் இருக்கைகள், சின்ன மேசைகள், மேசைக்கொரு விளக்கு. மக்கள் சாப்பிட்டபடியே பந்து வித்தை, கயிற்றில் தொங்குகிறவர்கள், நாய்கள், மந்திரவாதிகள் என்று எல்லாவற்றையும் ஒரே இருப்பில் பார்ப்பார்கள். இங்கே இதற்கு வரியெத்தே என்று பெயர்.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் அங்கே யார் வேண்டுமானாலும் மேடையேறி வித்தை காட்டலாம். வெல்பவருக்குக் குளிர்கால நிகழ்ச்சியில் ஓர் இடம். ஒரே ஓர் இடம். ஆனால் பருவம் முடியும்வரை ஒவ்வொரு வார இறுதியும் சம்பளத்தோடு மேடை. நடுவர்கள் மூவர். ஒருவர் அரங்கின் இயக்குநர், அறுபது தாண்டிய பெண்மணி. இன்னொருவர் ஓய்வுபெற்ற கத்தி வீசும் கலைஞர். மூன்றாமவர் மேடையோடு எந்தத் தொடர்பும் இல்லாதவராக இருக்க வேண்டும் என்பது அந்த அரங்கின் வழக்கம். பல வருடங்களாக அந்த நாற்காலியில் இருந்த பல் மருத்துவர் வடக்கே கடற்கரைக்குக் குடிபோய்விட்டார்.

நான் ஏணியிலிருந்து இறங்கிக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இயக்குநர் வந்து கேட்டார். இந்தக் கட்டடத்துக்குள் ஒரு தடவைகூடச் சிரிக்காத ஒரே ஆள் நீங்கள்தான், அதனால் நீங்கள்தான் வேண்டும் என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பின்னால் வந்த பெரிய வெட்கங்களுக்கெல்லாம் இந்தச் சின்ன வெட்கம்தான் தலைவாசல்.

கைதட்டலுக்கும் ஒரு வாக்கு உண்டு. அதுவரை இயக்குநரின் காதுதான் அதைத் தீர்மானித்தது. ஒலியை அளக்கும் கருவி உங்களிடம் இருக்குமே என்றார். இருந்தது. ஆக என் கையில் இரண்டு வாக்குகள்.

செய்தியை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கத் தேவையில்லை.

அம்மா பக்கத்து நகரமான கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறார். ஈழத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் அங்கேதான் அதிகம், எங்கள் தமிழ்ச் சங்கமும் அங்கேதான். அம்மாவின் முதல் பதில், அந்தப் போட்டிக்கு எங்கள் சேலைக்கார அக்காவும் பெயர் கொடுத்திருக்கிறார் என்பது. இரண்டாவது பதில்தான் என்னைக் கலக்கியது.

"நீ நடுவர் எண்டா, அவளுக்குக் கிடைச்ச மாதிரித்தான்."

"அம்மா, அப்பிடிக் கதைக்காதேங்கோ. தெரிஞ்ச ஆள் எண்டு நான் முன்னமே சொல்லிப்போடுவன்."

"சொல்லு. ஆர் வேண்டாம் எண்டது? சொல்லிப்போட்டுக் குடு."

சேலைக்கார அக்கா மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்பவர். எங்கள் கலியாணங்களில் சடங்கின் நடுவே பெண் எழுந்து போய், தாலி கட்டும்போது உடுக்கும் கூறைச் சேலைக்கு மாறி வர வேண்டும். ஐயரும் மாப்பிள்ளையும் மண்டபத்தில் உள்ள எல்லாரும் காத்திருப்பார்கள். மற்றவர்கள் அலங்கரித்தால் அந்த இடைவெளியில் பிள்ளைகள் அழத் தொடங்கும், ஆண்கள் வெளியே புகைக்கப் போவார்கள். இந்த அக்கா உடுத்திவிட்டால், ஐயர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் பெண் திரும்பி வந்திருப்பாள். என் கூடப்பிறந்த அக்காவின் கலியாணத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கைவேகத்தை அவர் ஒரு வித்தையாக மாற்றியிருந்தார். வீட்டு நிலவறையில் ஒரு வருடம் பழகினாராம். சேலைகளுக்கு முன்கூட்டியே மடிப்புத் தைத்து, கொளுக்கியும் காந்தமும் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உடுத்துக்கொள்வார். கணவர் துணி கட்டிய ஒரு பெரிய வளையத்தைத் தூக்கி இறக்குவார். இறங்கும்போது அக்கா வேறு சேலையில் நிற்பார். குளிர்காலத்தில் கலியாணம் குறைவு. அந்த மாதங்களில் அவர் ஹோட்டல் விரிப்புகள் வெளுக்கும் ஆலையில் நிற்பவர். இந்தக் குளிருக்கு ஆலைக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் அது மட்டுமல்ல. போட்டிக்கு முந்திய வாரம் அம்மா வீட்டில் அவரைக் கண்டபோது சொன்னார்:

"கலியாணத்தில எல்லாரும் பொம்பிளையைப் பாப்பினம். என்ரை கையை ஒருத்தரும் பாக்கிறேல்லை, பிள்ளை."

என்னிடம் சலுகை கேட்கவில்லை. நான்தான் அவசரப்பட்டு, எனக்கு எல்லாரும் ஒன்றுதான் என்று சொன்னேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டு, "அது தெரியும்" என்றார்.

அக்கா எனக்குத் தெரிந்தவர் என்று இயக்குநரிடமும் சொன்னேன். அவர் பொருட்படுத்தவில்லை. நாயோடு வரும் போட்டியாளர் கத்தி வீசுபவரின் பக்கத்து வீட்டுக்காரராம். இந்த ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது என்றார்.

இதற்கிடையில் அம்மா சங்கத் தலைவரிடம் சொல்லியிருந்தார். தலைவர் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். எட்டு வயதில் இங்கே வந்து, மொழி தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் நின்ற என்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தவர் அவர். ஒரு தமிழ்ப் பெண் ஜெர்மன் அரங்கில் நடுவராக அமர்கிறாள் என்றதும் இரண்டு வரிசைக்கு நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டார். நான் அம்மாவைக் கூப்பிட்டு மூன்று விடயங்களைச் சொன்னேன். சாப்பாடு கொண்டு வரக் கூடாது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அக்கா மேடைக்கு வரும்போது மட்டும் அளவுக்கு மீறிக் கைதட்டக் கூடாது, கருவி என் கையில் இருக்கிறது. அம்மா மூன்றுக்கும் ஓம் சொன்னார், மூன்றையும் காப்பாற்றினார்கள். நான் போட்ட பட்டியலில் பொன்னாடை இல்லை.

எங்கள் விழாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடுவர்களைக் கௌரவிக்காமல் ஒரு போட்டி நடக்காது. நிகழ்ச்சிகளுக்கு இடையே மேடை காலியாகும் நேரத்தில் பெயர் சொல்லி அழைப்பார்கள். சந்தனம், பூமாலை, பிறகு பொன்னாடை. போர்த்துபவர் அதைத் தோளில் வைத்ததும் கையை எடுக்கமாட்டார். இருவரும் அப்படியே படம் எடுப்பவர் பக்கம் திரும்பி, உறைந்து நிற்பார்கள். படம் எடுப்பவர் தலையாட்டிய பிறகுதான் உயிர் வரும். சிறு வயதிலிருந்து பார்த்ததால் அது எனக்கு மூச்சுவிடுவதுபோல ஒன்று. அதை ஒரு காட்சியாக நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு அரங்கு நிறைந்திருந்தது. எங்கள் மேசை மேடைக்கு நேர் முன்னால். என் ஆட்கள் இடப்பக்கம், பட்டுச் சேலைகளும் கோட்டுகளுமாக, கலியாணத்துக்கு வந்தவர்கள்போல. மற்றவர்கள் ஸ்வெட்டரில் வந்திருந்தார்கள்.

முதலில் வந்த நாய் வளையத்துக்குள் பாய மறுத்து, வளையத்தைச் சுற்றிப் போய் உட்கார்ந்தது. நான் குறைத்துப் போட்டேன். கத்தி வீசுபவர் நிறையப் போட்டார். மரம் அறுக்கும் வாளை வில்லால் இழுத்து இசைத்த ஒரு பெண் வந்தார். பிறகு இரண்டு மாணவர்கள், கயிற்றில் உருளைகளை எறிந்து பிடித்தார்கள், ஒன்றும் தவறவில்லை. நான் எனக்கென்று அளவைகள் வகுத்திருந்தேன்: துல்லியம், கடினம், தவறு நேர்ந்தால் மீளும் விதம். இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டு, சந்தோஷத்துக்கு இதில் இடமில்லையே என்றார். அதை எப்படி அளப்பது என்று நான் உண்மையாகவே கேட்டேன்.

அடுத்தது அக்கா. வளையத்தையும் அதன் தாங்கியையும் திரைக்குப் பின்னால் பொருத்த நேரமெடுத்தது. அறிவிப்பாளர் உதவி செய்ய உள்ளே போய்விட்டார். மேடை காலி. நடுவில் ஒலிவாங்கி தனியாக நின்றது.

தலைவர் எழுந்தார். கையில் தட்டு. பின்னால் சங்கச் செயலாளர், மூன்று பொன்னாடைகளோடு. அவருக்குப் பின்னால் படம் எடுப்பவர்.  ஒரு கொக்கி திறந்துகொள்ளும் சத்தம் எனக்குத் தெரியும், அந்த நேரம் அதைக் கேட்டதுபோல இருந்தது.

அவர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். ஜெர்மன் மொழியில் பேசினார். நல்ல ஜெர்மன்தான், ஆனால் எங்கள் மேடைத் தமிழின் எல்லா அடைமொழிகளும் அதில் இருந்தன. பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய நடுவர் பெருமக்களே என்று தொடங்கியதும் எங்கோ ஒரு மேசையில் சிரிப்பு. அடுத்து இயக்குநரின் அரும்பணிகளை அவர் போற்றியபோது சிரிப்பு பரவியது. இயக்குநர் என் காதில், இது உங்கள் ஆளின் நிகழ்ச்சியா, பிரமாதமான தொடக்கம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து மேடைக்குப் போய்விட்டார். இந்த அரங்கில் பார்ப்பவர்களை மேடைக்கு இழுக்கும் வித்தைகள் வழக்கம்.

தலைவர் பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார். கையை எடுக்கவில்லை. இருவரும் படம் எடுப்பவர் பக்கம் திரும்பினார்கள், அல்லது தலைவர் திரும்பி, இயக்குநரையும் மெல்லத் திருப்பினார். உறைந்தார்.

அரங்கு வெடித்தது.

தலைவர் அந்தச் சத்தத்தை மரியாதையாக எடுத்துக்கொண்டார், முகம் மலர்ந்தது. படம் எடுப்பவர், "அண்ணை, இன்னொருக்கா, கண் மூடிப்போட்டியள்" என்றார். அவர் பொன்னாடையை எடுத்து, மறுபடி போர்த்தி, மறுபடி உறைந்தார். இப்போது மேடையோரம் இருந்த டிரம்ஸ் வாசிப்பவர் விழித்துக்கொண்டார். கத்தி வீசுபவர் மேடையேறியபோது பொன்னாடை தோளைத் தொடும்வரை டிரம்ஸ் உருண்டது, உறைந்ததும் சடாரென்று நின்றது. விளக்குக்காரர் ஓர் ஒளிவட்டத்தை அவர்கள்மேல் விட்டார். கத்தி வீசுபவர் உயரம். பொன்னாடை வழுக்கி விழுந்தது. செயலாளர் ஓடிவந்து பிடித்தார். ஆட்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். என் ஆட்களின் இரண்டு வரிசையும் பெருமையோடு கைதட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வரவேற்பு எந்தச் சங்க விழாவிலும் கிடைத்ததில்லை.

மூன்றாவதாக என்னை அழைத்தார்.

ஒலிவாங்கி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இது வித்தை அல்ல, எங்கள் வழக்கம், இவர் உங்களுக்கு மரியாதை செய்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் தலைவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிடும். இரண்டு வரிசைக்கும் விளங்கிவிடும். நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்து மாலையை வாங்கினேன். பொன்னாடை தோளில் விழுந்தது. படம் எடுப்பவர் பக்கம் திரும்பினேன். முன்வரிசையிலிருந்து அம்மா கைபேசியைப் பிடித்தபடி, "கொஞ்சம் சிரியன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் வரவில்லை. சங்கிலியைப் பரிசோதிக்கும் முகத்தோடு நின்றேன். அன்று அதுவரை கேட்காத பெரிய சிரிப்பு அதற்குத்தான் எழுந்தது. அந்த முகம்தான் சிகரம் என்று பிறகு முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னிடம் வந்து சொன்னார்கள்.

மேசையில் கிடந்த கருவி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அதன் பிறகு திரை விலகி அக்கா வந்தார். மஞ்சள் சேலை. வளையம் ஏறி இறங்கியது, பச்சை. மறுபடி; நீலம். நான் வாழ்நாளில் பார்த்த மிகத் துல்லியமான வேலைகளில் அதுவும் ஒன்று. ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. ஆனால் அரங்கு இன்னும் முந்திய சிரிப்பிலேயே இருந்தது. இது அதன் இரண்டாம் பாகம் என்று நினைத்திருந்தார்கள். சேலை மாறும் ஒவ்வொரு தடவையும் டிரம்ஸ் உருண்டது, ஆட்கள் சிரிக்க ஒரு பகிடிக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில் அவர் சிவப்புக் கூறையில், கைகளை மடித்து, மணப்பெண்போல அசையாமல் நின்றார். அந்த நிற்பைத்தான் அவர் முத்தாய்ப்பாக வைத்திருந்தார். உறைந்து நிற்கும் இன்னொரு ஆள். சிரித்தார்கள். அக்காவின் கண் ஒருமுறை எங்கள் மேசைக்கு வந்தது. நான் இன்னும் மாலையோடும் பொன்னாடையோடும் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் முடிந்து நடுவர்கள் பின்னறைக்குப் போனோம். இயக்குநருக்குச் சந்தேகமே இல்லை. அந்த முதியவரின் நேரக் கணிப்பு கடவுள் கொடுத்தது, குளிர்கால இடம் அவருக்கும் சேலைப் பெண்ணுக்கும்தான் என்றார். அந்தப் பெண் கைதேர்ந்தவர், ஆனால் முதியவர் இல்லாமல் எடுபடாது. கருவியும் அதையே சொன்னது. கத்தி வீசுபவர் பொன்னாடையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, குளிருக்கு நல்லது என்றார்.

நான் சொன்னேன். அவர்கள் இருவரும் தனித்தனி. முதலாவது வித்தை அல்ல, எங்களைக் கௌரவித்தது. அதனால் அக்காவுக்கு வந்த கைதட்டலின் அளவு செல்லாது. பிழையான நிலையில் செய்த பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், அவர் இன்னொருமுறை மேடையேறட்டும். வரிசையாக, அமைதியாகத்தான் சொன்னேன்.  இயக்குநர் தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து, கவனமாக மடித்தார். நான் எப்படிச் சிரித்தேன், மேடையில் வைத்தே சிரித்தேனே என்றார். பிறகு அவருக்குள் இருந்த அரங்குக்காரி திரும்பி வந்தார். அவர் இன்னொருமுறை செய்ய முடியுமானால் செய்யட்டும். முடியாவிட்டால் இருவரும் சேர்ந்து வரலாம், அந்தப் பெரியவர் சம்மதித்தால். இரண்டும் இல்லையென்றால் இடம் மாணவர்களுக்கு. போய்க் கேளுங்கள், எப்படிக் கேட்பது என்பது உங்கள் பொறுப்பு என்றார்.

அக்கா ஒப்பனை அறையில் சேலைகளைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார். கணவர் வளையத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருமுறை செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"இண்டைக்கோ? ஏலாது. இவ்வளவையும் திரும்ப அடுக்கிக் கட்ட எனக்கு ஒண்டரை மணித்தியாலம் வேணும்." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சிரிச்சவை?"

சொன்னேன். தலைவரையும் சேர்த்து எடுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கணவர் வளையத்தைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணைக்குத் தெரியுமோ?" என்றார். இல்லை என்றேன்.

அக்கா ஒரு கொளுக்கியை விரலால் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கும்போது கைகள் சும்மா இருப்பதில்லை.

"சொல்லாதை," என்றார். "ஒவ்வொரு கிழமையும் வந்து ஆக்களைக் கௌரவிக்கச் சொல்லிக் கேக்கினம் எண்டு சொல்லு. அது பொய்யில்லைத்தானே. அவர் சந்தோசமா வருவார். அவருக்கும் சந்தோசம், எனக்கும் இடம். சிரிக்கிறவை சிரிச்சிட்டுப் போகட்டும்."

"தெரியவந்தா?"

"ஆர் சொல்லப் போகினம்? நீ சொன்னாத்தான் உண்டு."

அவர் சொன்னதில் எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது. கூடத்துக்குப் போகும் வழியில் அதையே செய்வது என்று முடிவு செய்திருந்தேன்.

தலைவர் கூடத்தில் என் ஆட்களுக்கு நடுவே நின்றார். காலித் தட்டு இன்னும் கையில். என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அரங்கு ஒவ்வொரு வாரமும் அவரை அழைக்க விரும்புகிறது என்று சொன்னேன். அவர் உடனே நம்பிவிட்டார். அவர் நம்பிய விதம்தான் என்னைக் கவிழ்த்தது.

"பாத்தியோ, பிள்ளை? மரியாதை எண்டா எல்லாருக்கும் விளங்கும். அடுத்த முறை அந்த மேளம் அடிக்கிற தம்பிக்கும் ஒண்டு போர்த்த வேணும். நான் நிக்கேக்கை எல்லாம் என்ன வடிவா அடிச்சவன். லைற் பிடிக்கிறவருக்கும். பின்னுக்கு நிக்கிறவையை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை."

வாரம்தோறும், குளிர்காலம் முழுவதும், டிரம்ஸ் வாசிப்பவரின் தோளில் பொன்னாடையை வைத்துக்கொண்டு அவர் உறைந்து நிற்பதை நான் மனக்கண்ணில் பார்த்தேன்.

"மாமா, அவை பகிடி எண்டு நினைச்சவை."

"எதை?"

"பொன்னாடை போர்த்தினதை. நீங்கள் வித்தை காட்ட வந்தனீங்கள் எண்டு நினைச்சவை. அதுக்குத்தான் சிரிச்சவை. இப்ப கூப்பிடுறதும் அதுக்குத்தான்."

அவர் மேடைக் கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"உனக்கு அங்கை நிக்கேக்கையே தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப ஏன் நிண்டனி?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது; உங்களுக்காகத்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கூடத்தில், ஆட்கள் என்னைத் தாண்டிப் போகும்போது பெருவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருக்கையில், அது எனக்கே பொய்யாகக் கேட்டது. அவர் செயலாளரைக் கூப்பிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்றார்.

இடம் மாணவர்களுக்குப் போனது. நல்ல மாணவர்கள்தான். அக்கா குளிர்காலம் முழுவதும் வெளுப்பு ஆலைக்குப் போனார். தலைவரிடம் நான் சொல்லிவிட்டதை அம்மா மூலம் அறிந்து, அக்கா சொல்லியனுப்பியது ஒரே வார்த்தை: "நல்லம்."

வைகாசியில் என் சித்தி மகளின் கலியாணம். அலங்காரம் அக்காதான். மணப்பெண் அறையில் அவருக்குக் கையாள் வேண்டியிருந்தது; என்னை அனுப்பினார்கள். ஊசிகளைப் பல்லிடுக்கில் பிடித்தபடி, முகம் பார்க்காமல், இந்த வருடமும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னார். வளையத்தை மாற்றிச் செய்திருக்கிறார்களாம், இன்னும் வேகம்.

"நடுவர் நீயில்லைத்தானே?"

விலகிவிட்டேன் என்றேன்.

"அது நல்லம். சனத்தையும் நான் வர வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்." கொய்யகத்தின் மடிப்புகளை இழுத்துச் சொருகினார். கடைசி ஊசியையும் குத்தி முடித்த பிறகு என்னைப் பார்த்தார். "என்ரை இடம் திரும்ப வரும், வராமலும் போகும். அது என்ரை பாடு. அண்ணையைத்தான் நீ போய்ப் பார்."

பெண் மணவறைக்கு வந்தபோது ஐயர் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். யாரும் அக்காவின் கையைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அது போதாது என்றும் தெரிந்தது.

தாலி கட்டி, வாழ்த்துகள் முடிந்ததும் நாதஸ்வரக் கலைஞரைக் கௌரவிக்கத் தலைவரை அழைத்தார்கள். அவர் மேடையேறினார். பொன்னாடையைக் கலைஞரின் தோளில் வைத்தார். வைத்ததும் கையை எடுத்துவிட்டார். படம் எடுப்பவர் இன்னும் தூரத்தைச் சரிசெய்து முடிக்கவில்லை. "அண்ணை, ஒருக்கா நில்லுங்கோ" என்றார். தலைவர் அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார், குனிந்த தலையோடு, சபையின் பக்கம் திரும்பாமல்.

கலைஞர் கமெராவைப் பார்த்தபடி தனியாக நின்றார். ஒரு தோளிலிருந்து பொன்னாடை வழுக்கத் தொடங்கியது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கையில் நாதஸ்வரம்.

"அக்கா, நீங்களெண்டாலும் வந்து பிடியுங்கோ," என்று படம் எடுப்பவர் என்னைக் கூப்பிட்டார். படிக்குப் பக்கத்தில் நின்றவள் நான்தான்.

ஏறினேன். பொன்னாடையைத் தூக்கி அவர் தோளில் சரியாக வைத்து, கையை எடுக்காமல், கமெரா பக்கம் திரும்பி, அசையாமல் நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. கீழே தலைவர் முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்தவருக்கான பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.